குடல் படம் வரையப் போன இடத்தில்

எழுபதுகளில் நடந்தது இது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். தொழில், சுவரில் எழுதுவது. ஆளுங்கட்சி மாநாடு என்றால் கறுப்பும் சிவப்பும், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கூட்டம் என்றால் முழுச் சிவப்பு, சினிமாக் கொட்டகைக்கு இருக்கிற நிறமெல்லாம். எழுத்து நன்றாக இருந்ததால் எல்லாக் கட்சிக்காரர்களும் கூப்பிடுவார்கள். நானும் கட்சி பார்க்காமல் போவேன்.

தனியாக எழுதவில்லை. கூட்டாளி ஒருவன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் சுவரில் அளவு பிடித்துக் கோடு போடுவேன், அவன் வண்ணம் நிரப்பி ஓரம் கட்டுவான். அவன் ஓரம் கட்டினால் எழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்கும். அவன் மனைவி நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள், என்னை அண்ணே என்பாள். அவளுடைய தம்பி, கூட்டாளியின் மச்சினன், சங்கத்தில் தீவிரமாக இருந்தான். கோபக்காரன், ஆனால் நல்லவன்.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நில உச்சவரம்பு, கூலி நிர்ணயம் என்று மேலே சட்டமெல்லாம் வந்துகொண்டிருந்தது. கீழே எங்கள் வரப்புக்கு அது வந்து சேரவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டால் பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார். சங்கத்துக்காரர்கள் வயலில் கொடி நடுவார்கள். அறுப்புக் காலம் வந்தால் கூடவே போலீஸ் வேனும் வந்துவிடும்.

அப்படி ஒரு சம்பா பருவத்தில், கதிர் பால் பிடிக்கிற நேரம், பண்ணையின் காரியஸ்தர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். பண்ணையாருக்குப் பதில் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாம் பார்க்கிறவர் அவர்தான். புது மோட்டார் கொட்டகைக் கதவில் பண்ணையின் பெயரையும், கரண்டுக்காக ஒரு மண்டை ஓட்டையும் எழுத வேண்டுமாம். "அங்க போயி எழுதணுமா மாமா?" என்று மச்சினன் முறைத்தான். "செவுத்துக்கு ஏதுடா கட்சி" என்று கூட்டாளி சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

மதியம் வெயில் ஏறியதும் காரியஸ்தரே சொம்பில் மோர் கொண்டுவந்தார். எனக்கும்தான் கொடுத்தார். கொஞ்ச நாளாகவே எனக்கு வயிறு சரியில்லை, அதனால் ஏணியில் நின்றபடியே வேண்டாம் என்றுவிட்டேன். கூட்டாளி இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தான். "பெருங்காயம் தூக்கலா இருக்கு, பிரமாதம்" என்றான்.

அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். வாந்தி. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், விளக்கெண்ணெய் தடவினார்கள், எதுவும் கேட்கவில்லை. வலி அடங்காமல் ஒன்றிரண்டு நாள் கிடந்தான். பிறகு வலிப்பு கண்டது. வண்டியில் போட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே என் மடியில் அவன் உயிர் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகாமலே வண்டியைத் திருப்பினோம். அன்றைக்கே எரித்தும் விட்டோம்.

சாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், "கடைசியா எங்க என்ன சாப்புட்டான்?" என்று. "காரியஸ்தர் கொடுத்த மோரு" என்றேன். கேட்டதற்குச் சொன்ன பதில், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை பொழுது சாய்வதற்குள் எல்லாத் தெருவையும் சுற்றி வந்துவிட்டது. சங்கத்துக்கு எழுதுகிறவனைப் பண்ணை விஷம் வைத்துத் தீர்த்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் கட்டினேன். மனசார நம்பினேன். அந்த நேரத்தில் பண்ணையைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிற மாதிரித்தான் பண்ணையும் நடந்துகொண்டிருந்தது.

காரியஸ்தர் வீட்டு வைக்கோல் போர் எரிந்தது. அவர் நடந்தால் எதிரே வருகிறவர்கள் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர் மனைவி குளத்தில் இறங்கினால் மற்றப் பெண்கள் கரையேறிவிடுவார்கள். மச்சினன் அப்போதே அரிவாளோடு கிளம்பியிருப்பான். அதற்குள் அறுப்புத் தகராறில் அவனை உள்ளே தள்ளிவிட்டார்கள். அடுத்த சாகுபடிக்குத்தான் வெளியே வந்தான். வந்தவன் பழைய ஆளாக இல்லை, பேச்சே குறைந்துபோயிருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் தணிந்த குரலில் ஒன்றையேதான் சொல்வான். "இந்த அறுப்பு முடியட்டும்ணே. ஒரு உசுருக்கு ஒரு உசுரு. நீங்கதான் சாட்சி." நான் தலையாட்டுவேன். வேண்டாம்டா என்று ஒரு தடவைகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து ஆள் வந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியருக்கு நான் போர்டு எழுதியிருந்தேன். மனிதனின் வயிற்றைத் திறந்து வைத்த மாதிரி படம், உள்ளே குடல். குடலை நான் எங்கே பார்த்தேன்? சிக்குக் கோலம் மாதிரி அழகாக வளைத்து வளைத்துப் போட்டிருந்தேன். அதை பஸ்ஸிலிருந்து பார்த்த ஒரு டாக்டர் அம்மா, மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறவர், சிரித்து மாய்ந்துபோனாராம். ஆனால் கையில் சுத்தம் இருக்கிறது என்று கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நான் போய் நின்றதும் முதலில் சொன்னதே, "அந்தப் போர்டுல இருக்கிற மாதிரிக் குடல் இருந்தா சாப்பாடு உள்ளே போய் வழி தெரியாம நின்னுடும்ங்க" என்பதுதான். மெட்ராஸ்காரர். வாய் நிறையச் சிரிப்பார்.

வேலை இதுதான். வகுப்பில் மாட்டுவதற்குப் பெரிய பெரிய படங்கள் வேண்டும். நாக்கு, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கல்லீரல், எல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற மாதிரி. "புத்தகத்தைப் பாத்து வரையாதீங்க ஆர்ட்டிஸ்ட். இதுக்குள்ளே பாத்து வரைங்க" என்று ஜன்னல் ஓரமாக ஒரு மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்தார்.

முதல் நாள் எனக்குத் தெரிந்தது என் கண்ணிமை மயிர்தான். கண்ணை எந்தத் தூரத்தில் வைப்பது என்று பழகுவதற்கே ஒரு பொழுது ஆனது. பிறகு திடீரென்று தெரிந்தது பாருங்கள். ரோஸும் ஊதாவுமாக ஒரு ஊரே உள்ளே இருந்தது. செத்த உடம்பில் குடலின் உள்பக்கம் சீக்கிரம் கரைந்து கெட்டுவிடுமாம். அதனால் ஆபரேஷனில் வெட்டி எடுத்த துண்டை உடனே மருந்தில் போட்டு, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள்.

டாக்டர் அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வருவார். வாயிலிருந்து கடைசி வரை அது ஒரே குழாய்தான், அதன் சுவர் நான்கு அடுக்கு என்றார். சுவர் என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வெளியே ஒரு மெல்லிய உறை. அதற்குள் தசை, அதிலும் ஒரு வரிசை நீளவாக்கில், ஒரு வரிசை வட்டவாக்கில். இந்த இரண்டும் மாறி மாறிப் பிடித்து விடுவதால்தான் சோறு நகர்கிறது. அதற்கு உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற தளர்வான ஒரு அடுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே, சோறு வந்து படுகிற சவ்வு.

அந்தச் சவ்வு இடத்துக்கு இடம் மாறியது. உணவுக்குழாயில் கல் அடுக்கின மாதிரிக் கனமாக, சூடும் முள்ளும் தாங்குகிற மாதிரி இருந்தது. இரைப்பையில் கிணறு கிணறாகக் குழிகள். அமிலம் சுரக்கிற செல்கள் நல்ல ரோஸாக உருண்டையாக உட்கார்ந்திருந்தன. சிறுகுடலுக்கு வந்தபோது நாற்றங்கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு நெருக்கமாக விரல் விரலாக நின்றன. குடலுறிஞ்சிகள் என்று பெயர். ஒவ்வொரு விரலின் மேலும் செல்கள், நடுநடுவே கோப்பை மாதிரி வழுவழுப்பைச் சுரக்கிற செல்கள்.

"இந்த விரல் மேல எத்தனை அடுக்கு செல் இருக்கு, எண்ணிச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். "ஒரே வரிசைதாம்மா தெரியுது." "ஒண்ணேதாங்க. நாம சாப்பிடறதுக்கும் நம்ம ரத்தத்துக்கும் நடுவில இருக்கிறது அந்த ஒத்தை வரிசை மட்டும்தான். அதுவும் சில நாளைக்கு ஒருமுறை உதிர்ந்து புதுசா முளைக்கும். வயித்துக்குள்ளே போனது உடம்புக்குள்ளே போனதா அர்த்தமில்லை. இந்த வரிசையைத் தாண்டினாத்தான் உள்ளே வந்ததா அர்த்தம்."

எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு கலக்கம். பகலெல்லாம் ஏணியில் நின்று வேலை செய்கிற இந்த உடம்பு, உள்ளே இப்படி ஒரு சன்னமான ஏற்பாட்டில் ஓடுகிறதா என்று. வீட்டுக்குப் போய் சோற்றில் கை வைத்தபோதுகூட அந்த வரிசைதான் கண்முன் நின்றது.

சிறுகுடல் படத்தை வரைய ஆரம்பித்தேன். டாக்டர் அம்மா கலர் புட்டிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு அது வெளிறிப்போய்த் தெரிந்தது. நான் சுவருக்குப் போடுகிற என் பொடிகளையே கொண்டுபோய்க் கோந்தில் குழைத்துக்கொண்டேன். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு மாதிரிப் பளிச்சென்று இருக்கிற செந்தூரப் பொடி. செல்களின் தலையில் மயிரிழை மாதிரி ஒரு ஓரம் இருக்கும், அதை இழுக்க வேண்டும். பிரஷ் முனை ஊசியாக இருந்தால்தான் வரும். பிரஷை உதட்டுக்கு நடுவில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, நாக்கில் ஒரு சுழற்று சுழற்றி, அந்த ஓரத்தில் வைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். துணியில் துடைத்தால் முனை விரிந்துவிடும், உதட்டுக்கு ஈடாக எதுவும் வராது. பிரஷ் பிடித்த நாளிலிருந்து பழக்கம்.

"ஐயோ!" என்று ஒரு கத்தல். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. திரும்பினால் டாக்டர் அம்மா வாசலில் நிற்கிறார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"வாயில என்ன வைக்கிறீங்க?"

"பிரஷ்தாம்மா. முனை கட்டுறேன்."

"எத்தனை வருஷமா?"

"தொழிலுக்கு வந்ததுலேருந்தே இப்படித்தாம்மா."

விறுவிறென்று வந்து என் பொடிகளைத் தொட்டுப் பார்த்தார். என்னென்ன, எங்கே வாங்கியது என்று கேட்டார். அப்புறம் கேட்டதெல்லாம் எனக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகளாக இருந்தன. வயிற்றை முறுக்குமா? முறுக்கும். வெளிக்குப் போவது சிரமமா? ஆமாம், நாள் கணக்கில். பசி இல்லையா, தூக்கம் இல்லையா, பிரஷ் பிடித்தால் மணிக்கட்டு சோர்கிறதா? பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். உடல் சூடு என்று நினைத்து வெந்தயம் தின்றுகொண்டிருந்தவன் நான்.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், "உதட்டைத் தூக்குங்க" என்றார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தைப் பஞ்சை வைத்துத் தேய்த்தார். "வெத்தலை போடுவீங்களா?" "இல்லம்மா." இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஈறின் விளிம்பில், பேனாவால் கோடு போட்ட மாதிரி, நீலமும் கறுப்புமாக ஒரு வரி. இத்தனை வருஷம் என் வாயிலேயே இருந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை.

"ஈயம்ங்க. காரீயம். உங்க மஞ்சள்ல இருக்கு, செந்தூரத்தில இருக்கு, வெள்ளையில இருக்கு. இத்தனை வருஷமா நீங்க பெயிண்ட்டைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. நீங்க வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்களே, அந்த ஒத்தை வரிசை, அதைத் தாண்டி உள்ளே போயிடுச்சு."

அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் அம்மா என்னை மறுபடி மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்தார். "இது உங்க ரத்தம், பாருங்க." வட்டம் வட்டமாகச் சிவப்பணுக்கள். அதில் சிலவற்றின் உள்ளே பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள், யாரோ நுனிப் பிரஷால் தெளித்துவிட்ட மாதிரி. அப்படிப் புள்ளி இருக்கக் கூடாதாம். என் உயிர் ஒரு கண்ணாடித் துண்டில் கறை படிந்து கிடப்பதைப் பார்த்தபோது வந்த பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பெரிய டாக்டர் ஒருவர் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார். ஈயம் நரம்பைக் கெடுக்கும், குடல் தசையை இழுத்துப் பிடிக்க வைக்கும், அதனால்தான் அந்த முறுக்கு வலி. கவனிக்காமல் விட்டால் மணிக்கட்டு நரம்பு செத்துக் கை தொங்கிவிடும். கடைசியில் மூளைக்கு ஏறும். "ஏறினா வலிப்பு வரும். அப்புறம் எங்க கையில இல்லைப்பா. நீ நல்ல நேரத்துல வந்துட்டே."

வலிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் என் காதில் வேறு எதுவும் விழவில்லை. மடியில் கூட்டாளியின் தலை கிடந்தது ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால், மாதக்கணக்காக அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏணியை விட்டு இறங்கியது ஞாபகம் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரஷ் கையிலிருந்து நழுவி விழும். "கை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது மாப்ளே" என்று சிரிப்பான். நரம்புத் தளர்ச்சி என்று நாங்களும் சிரித்தோம். ஓரம் கட்டுகிறவன் அவன். நான் ஒரு தடவை உதட்டில் வைத்தால் அவன் பத்துத் தடவை வைப்பான்.

அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மோர் கதையையும் சேர்த்து. அவர் பொறுமையாகக் கேட்டார். "உடம்பு இல்லாம நான் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இன்னைக்குக் குடிச்ச மோரு, ஆறு மாசத்துக்கு முன்னாடி எப்படிப்பா கையைச் சோர வைக்கும்?"

இதை நாங்கள் ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவனுக்கு அத்தனை நாள் வயிற்று வலி இருந்தது எல்லோருக்கும் தெரியும். செத்த அன்று அத்தனையும் மறந்துபோய், அந்த இரண்டு தம்ளர் மட்டும் ஞாபகத்தில் நின்றது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸோடு மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். படுத்திருந்த நாளெல்லாம் எனக்கு என் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துப் பார்த்து, ஊரில் கதிர் எந்த அளவுக்குப் பழுத்திருக்கும் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அறுப்பு முடியட்டும் என்று அவன் சொன்னது காதிலேயே இருந்தது. ஒரு மனிதன் வெட்டுப்பட்டுச் சாகப் போகிறான், அதற்குச் சாட்சியாக என் வார்த்தை நிற்கிறது. இன்னும் இருக்கச் சொன்ன டாக்டரிடம் திரும்பி வருவதாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஊருக்கு பஸ் ஏறினேன்.

வாய்க்கால் கரையில் இறங்கியபோது களத்தில் கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தது. முக்கால்வாசி வயல் அறுத்தாகிவிட்டது. நேராகக் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். உச்சி வெயில். மச்சினன் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான், சங்கத்து ஆட்கள் சிலரும் வேம்பு நிழலில் இருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மைக்ராஸ்கோப், குடல், ஈயம், பிரஷ் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

மச்சினன் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தான்.

"எவ்வளவுண்ணே குடுத்தாரு பண்ணை?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தஞ்சாவூருக்குப் போய்ப் பல நாள் தங்கிவிட்டு வந்த ஒருவன், காரியஸ்தர் மேல் குற்றமில்லை என்று நடுத் தெருவில் நின்று சொன்னால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். "பெயிண்ட்ட நக்கினா சாவாங்களாம், கேட்டுக்குங்க" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. படித்தவன் இல்லை நான், டாக்டர் அம்மா காட்டியதை என்னால் இங்கே யாருக்கும் காட்ட முடியாது. வேறு வழி தெரியாமல் உதட்டைத் தூக்கி, "இந்தா பாருங்கடா, இதுதான் அது" என்று கத்தினேன்.

கத்தல் கேட்டுக் கூட்டாளியின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தலையில் வைக்கோல் தூசி, அறுப்பிலிருந்து வந்த கையோடு நின்றாள். "என்னண்ணே?" என்றாள். நான் உதட்டை விடவில்லை. அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். விரலை நீட்டி என் ஈறைத் தொடப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இது அவருக்கும் இருந்துச்சுண்ணே."

நீட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"நான்தான் சாம்பலத் தொட்டுத் தேச்சு விடுவேன். எத்தன தேச்சாலும் போவாது. வெத்தலக் கறைன்னு நெனச்சேன். ரத்தம் வர்ற வரைக்கும் தேச்சிருக்கேன், வலிக்குதுடின்னு கையத் தட்டி விடுவாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சினன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்துப்போனது. எழுந்து கொல்லைப் பக்கம் போனவன் குலுங்கிக் குலுங்கி அழுகிற சத்தம் வாசலில் கேட்டது. நிழலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

நான் அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று நின்றேன். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் இத்தன நாளு யாரண்ணே திட்டிக்கிட்டு இருந்தேன்? இனிமே யாரத் திட்டுறது?"

மறுநாள் காரியஸ்தர் வீட்டுக்குப் போனேன். கூடவே மச்சினனும் வந்தான், தெருமுனையிலேயே நின்றுகொண்டான். காரியஸ்தர் ஒரு வருஷத்தில் பத்து வயது கூடின மாதிரி இருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொள்வார், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்துச் சொன்னார், "கேட்டியா? மோருல ஒண்ணும் இல்லையாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கே தெரியலப்பா. ஊரே சொல்லுதே, பானையில பல்லி கில்லி விழுந்து கெடந்துச்சோன்னு தெனம் இவளப் போட்டுப் பாடாப் படுத்தியிருக்கேன். நான்தான் கொன்னுட்டேனோன்னு நெனச்சு ராவெல்லாம் தூங்கினதில்ல." குற்றமே செய்யாத மனிதரை, தன்னையே சந்தேகப்படுகிற அளவுக்கு நாங்கள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

இதனால் பண்ணையார் நல்லவராகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வருஷமும் கூலி கேட்டதற்கு லாரியில்தான் ஆள் இறக்கினார். நானும் மறுபடி சங்கத்துக்காகச் சுவரில் எழுதினேன், மச்சினனே ஏணியைப் பிடித்தான். பிரஷை மட்டும் அதற்குப் பிறகு வாயருகே கொண்டுபோனதில்லை. எங்கே எந்த பெயிண்டரைப் பார்த்தாலும் உதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். பைத்தியம் என்று சிரித்தவர்கள் உண்டு, பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களும் உண்டு.

எங்களுடைய கோபம் நியாயமான கோபம்தான், இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கோபம் நியாயமாக இருப்பதாலேயே அது கை காட்டுகிற ஆள் குற்றவாளியாகிவிடுவதில்லை என்பதை என் கூட்டாளியைப் பறிகொடுத்த பிறகுதான், அதுவும் என் ரத்தத்திலேயே கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.